சோடாபுட்டியும் கரும்பலகையும்

உங்கள் கடிதம் ஏழு பக்கம். கையால் எழுதி, படமெடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். ஒவ்வொரு பக்கத்திலும் ஸ்கேல் வைத்து மார்ஜின் போட்டிருக்கிறீர்கள். அடித்தல் ஒரே ஒரு இடத்தில்தான். பள்ளியை விட்டு வந்து 25 வருடமாகியும் கை அந்தப் பழக்கத்தை விடவில்லை. படிக்கும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கேலி இல்லை, நானும் அந்த ரகம்தான்.

மற்ற வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு வயது 42. சென்னையில் மென்பொருள் வேலை, மனைவி, எட்டாவது படிக்கும் ஒரு மகன். தென் மாவட்டத்தில் ஒரு தாலுகா ஊரில், அரசு உதவி பெறும் ஆண்கள் மேல்நிலைப் பள்ளியில் படித்தீர்கள். ஆறாவதிலிருந்து எல்லா ரேங்க் கார்டிலும் முதல் ரேங்க். 2001 பிளஸ் டூ தேர்வில் 1200-க்கு 1100-ஐத் தாண்டினீர்கள். ஆனால் பள்ளி என்றதும் உங்களுக்கு ஞாபகம் வருவது மார்க் இல்லை. தடித்த கண்ணாடி, அதனால் வந்த 'சோடாபுட்டி' என்ற பட்டப்பெயர், கபடிக்கு ஆள் பிரிக்கும்போது இரண்டு பக்கமும் உங்களைக் கேட்காதது, விளையாட்டு பீரியடில் வேப்பமரத்தடியில் தனியாக உட்கார்ந்து கிளார்க்ஸ் டேபிள் என்ற மடக்கை அட்டவணைப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தது. அப்புறம், ஒன்பதாவதில் சுதந்திர தினத்தன்று மேடையில் பேச்சு மறந்துபோய் நின்றது.

இப்போது உங்கள் செட் வெள்ளி விழா சந்திப்பு நடத்துகிறது. வாட்ஸ்ஆப் குழுவில் உங்களையும் சேர்த்துவிட்டார்கள். யாரோ பத்தாம் வகுப்பு குரூப் போட்டோவைப் போட்டு, "நம்ம சோடாபுட்டி எங்கடா, ஆளையே காணோம்?" என்று கேட்டிருக்கிறார். அன்றிலிருந்து மூன்று வாரமாகத் தூக்கம் சரியில்லை என்கிறீர்கள். நான் அப்படி இருந்தது ஏதாவது குறைபாடா, சந்திப்புக்குப் போவதா வேண்டாமா, என் மகனும் என்னைப் போலவே வருகிறானே, என்ன செய்வது என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். ஏழாம் பக்கத்தின் அடியில், கேள்வி என்று போடாமல், நான்கு வரி எழுதியிருக்கிறீர்கள். அதற்குப் பிறகு வருகிறேன்.

மேடையில் நின்ற அந்த ஒரு நிமிடம்

"பெருமதிப்பிற்குரிய தலைமையாசிரியர் அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, என் சக மாணவ நண்பர்களே" வரை ஒழுங்காக வந்திருக்கிறது. அதற்கு மேல் ஒன்றுமில்லை. மைக் ஒருமுறை கீச்சென்று கத்தியது. பின்வரிசையிலிருந்து ஒருவன், "டேய், சோடாவுக்கே ஒரு சோடா குடுங்கடா" என்றான். கூட்டம் சிரித்தது. தமிழ் ஐயா வந்து தோளைத் தட்டி இறக்கிவிட்டார். இதை ஒரு முழுப் பக்கத்துக்கு எழுதியிருக்கிறீர்கள். சட்டைப் பையில் குத்தியிருந்த கொடியின் குண்டூசி கையில் குத்தியதுவரை. "அன்று இருந்த 1400 பேருக்கும் என்னைப் பார்த்தால் இதுதான் ஞாபகம் வரும்" என்று முடித்திருக்கிறீர்கள்.

அதே விழாவில் உங்களுக்கு முன்னால் பேசியவன் யார், பின்னால் பேசியவன் யார் என்று சொல்ல முடியுமா? கடிதத்தில் இல்லை. அவர்கள் என்ன பேசினார்கள் என்பதும் உங்களுக்கு ஞாபகம் இருக்காது. அந்த 1400 பேரும் அப்படித்தான். பெரும்பாலானவர்களுக்கு வெயிலில் நின்றதும் ஆரஞ்சு மிட்டாய் கொடுத்ததும் ஞாபகம் இருந்தால் அதிகம்.

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக உளவியலாளர்கள் இதை ஒரு சோதனையாகவே செய்து 2000-ல் வெளியிட்டார்கள். மாணவர்களுக்குக் கூச்சம் வருகிற மாதிரி, ஒரு பாடகரின் படம் பெரிதாகப் போட்ட டி-ஷர்ட்டை மாட்டிவிட்டு, ஆட்கள் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். 'எத்தனை பேர் கவனித்திருப்பார்கள்?' என்று வெளியே வந்ததும் கேட்டார்கள். ஏறத்தாழ பாதிப் பேர் என்று நினைத்தார்கள். உண்மையில் கவனித்தவர்கள் கால்வாசிப் பேர்தான். எல்லாரும் நம்மையே பார்க்கிறார்கள் என்ற நினைப்பு எல்லாருக்கும் உண்டு. பதினான்கு வயதில் அது இன்னும் அதிகம்.

அதற்காக, அன்று யாரும் சிரிக்கவில்லை என்றோ அது வலிக்கவில்லை என்றோ நான் சொல்ல மாட்டேன். சிரித்தார்கள், வலித்தது. பத்து வயதிலிருந்து முப்பதுக்குள் நடந்தவைதான் மற்ற வயதில் நடந்தவற்றைவிட அழுத்தமாக மனதில் தங்கும் என்பது நினைவாற்றலை ஆராய்கிறவர்கள் திரும்பத் திரும்பக் கண்டது. போன வருடம் ஆபீஸ் கூட்டத்தில் உளறியது மறந்துவிட்டது, ஒன்பதாவதில் நின்றது மறக்கவில்லை என்றால் அதில் அதிசயம் இல்லை. 28 வருடமாக அதை நீங்கள் மட்டுமே எடுத்து எடுத்துப் பார்த்து வருகிறீர்கள். கூட்டத்தில் இருந்தவர்கள் அன்று சாயங்காலமே வைத்துவிட்டார்கள்.

சாக்பீஸ் யார் கையில் இருந்தது

"என்னை எல்லாரும் வெறுத்தார்கள்" என்று இரண்டாம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். நான்காம் பக்கத்தில், ஒவ்வொரு அரையாண்டுக்கு முன்பும் மூன்று பையன்கள் உங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்து கணக்குக் கற்றுக்கொண்டதும், உங்கள் அம்மா பணியாரம் சுட்டுக் கொடுத்ததும் வருகிறது. இரண்டையும் எழுதியது ஒரே ஆள்தான். ஆனால் நீங்கள் அதைச் சேர்த்துப் படித்ததாகத் தெரியவில்லை.

1980-களிலேயே பள்ளிப் பிள்ளைகளிடம் 'உனக்கு ரொம்பப் பிடித்த மூன்று பேர் யார், பிடிக்காத மூன்று பேர் யார்' என்று கேட்டு ஆராய்ந்தவர்கள் உண்டு. பிடிக்காதவர் பட்டியலில் அடிக்கடி வருகிற பிள்ளைகள் ஒரு வகை. இரண்டு பட்டியலிலுமே அதிகம் வராத பிள்ளைகள் வேறொரு வகை. முதல் வகையை ஒதுக்கப்பட்டவர்கள் என்றும், இரண்டாம் வகையைக் கவனிக்கப்படாதவர்கள் என்றும் பிரித்தார்கள். உள்ளே இருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆனால் ஒன்றல்ல. உங்கள் கதை பெரும்பாலும் இரண்டாவது என்றுதான் எனக்குப் படுகிறது. உங்களை அவர்களுக்குப் பிடிக்காமல் போகவில்லை, தெரியாமல் போனது.

ஏன் தெரியாமல் போனது? இங்கே ஒரு விஷயத்தை நேராகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கப் படங்களில் படிக்கிற பையன் என்றால் எல்லாரிடமும் அடிவாங்குகிறவன். நம் ஊர்ப் பள்ளியில் படிப்ஸ் அப்படி இல்லை. முதல் ரேங்க் வாங்கினால் லீடர். வருகைப் பதிவேடு எடுத்து வருவது அவன், நோட்டு அடுக்கி ஸ்டாஃப் ரூமுக்குக் கொண்டுபோவது அவன், வாத்தியார் வராத பீரியடில் சாக்பீஸோடு நிற்பது அவன். கரும்பலகையின் வலது ஓரத்தில் 'பேசியவர்கள்' என்று தலைப்புப் போட்டுக் கோடு கிழித்து வரிசையாகப் பெயர் எழுதுவதும் அவன்தான். 2017-ல்தான் தமிழக அரசு பொதுத்தேர்வில் மாநில, மாவட்ட ரேங்க் அறிவிப்பதை நிறுத்தியது. அதற்கு முன்னால் ஊரே ரேங்க்கைப் பார்த்துத்தான் பையனை எடை போட்டது. அப்படிப்பட்ட இடத்தில், ஸ்டாஃப் ரூமின் காது என்று நினைக்கிற ஒருவனைக் கபடிக்குக் கூப்பிட எவனுக்கும் கொஞ்சம் தயக்கம் இருக்கும். நானும் மூன்று வருடம் லீடராக இருந்தேன். நான் உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றுபோகும். அதை மரியாதை என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது உங்கள் ஏழாம் பக்கம். பத்தாவதில் ஒருநாள் காலையில் ஒருவன் உங்களை சோடாபுட்டி என்று கூப்பிட்டான். மதியம் அவன் பேசவே இல்லை. ஆனாலும் அவன் பெயரை எழுதி, பக்கத்தில் 'அடங்கவில்லை' என்றும் எழுதினீர்கள். வாத்தியார் பிரம்பு ஒடிகிற வரை அடித்தார். அரையாண்டுக்குப் பிறகு அவன் பள்ளிக்கு வரவில்லை. இன்று அவர் இரண்டு லாரி வைத்து ஓட்டுகிறார், அதே வாட்ஸ்ஆப் குழுவில் இருக்கிறார்.

உங்கள் தூக்கத்தைக் கெடுத்தது பட்டப்பெயர் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. குழுவில் வந்தது பத்தாம் வகுப்பு போட்டோ. அது எடுத்தபோது அவர் பள்ளியில் இல்லை. அந்தப் படத்தில் நீங்கள் முதலில் தேடியது யாரை என்று யோசித்துப் பாருங்கள்.

இதில் இரண்டு திருத்தம் சொல்ல வேண்டியிருக்கிறது. பெயர் எழுதியது உங்கள் தப்பு, அதை யார்மீதும் தள்ள முடியாது. பிரம்பை எடுத்தது உங்கள் தப்பு இல்லை. உங்களுக்கு அப்போது 15 வயது. அடித்தவர் பெரியவர். பிள்ளைகளைப் பிள்ளைகளை வைத்தே காவல் காக்கச் சொன்னது பள்ளியின் ஏற்பாடு. இன்று கல்வி உரிமைச் சட்டம், 2009-ன் 17-வது பிரிவு 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளை அடிப்பதையும் மனதளவில் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. அன்று பிரம்பு மேஜைமேல் சாக்பீஸ் டப்பா போலக் கிடந்தது.

அடுத்தது, "என்னால் ஒருவன் படிப்பு போயிற்று" என்கிறீர்கள். அது உங்களுக்குத் தெரியாது. அந்தக் காலத்தில் பத்தாவதின் நடுவில் பையன்கள் நின்றதற்கு அப்பாவின் கடன், அக்கா கல்யாணம், பட்டறையில் வேலை கிடைத்தது என்று நூறு காரணம் இருக்கும். அந்த அடியும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அவரைக் கேட்காமல் முழுப் பழியையும் எடுத்துத் தலைமேல் வைத்துக்கொண்டீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், குற்ற உணர்ச்சியிலும் முதல் ரேங்க் எடுக்கப் பார்க்கிறீர்கள்.

குறைபாடா?

இணையத்தில் 50 கேள்விகள் கொண்ட ஒரு சோதனையை எழுதி, 31 வந்ததாகவும், அதனால் உங்களுக்கு 'ஆஸ்பெர்கர்' இருக்குமோ என்றும் கேட்கிறீர்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் 2013 முதல் அது தனி நோய்க்குறியாக இல்லை, ஆட்டிசம் என்ற பெரிய வரம்புக்குள் சேர்த்துவிட்டார்கள். இதுபோன்ற சோதனைகள் 'ஒரு நிபுணரைப் பார்க்கலாமா' என்று சொல்லத்தான் உதவும், முடிவு சொல்லாது. ஆட்டிசம் என்றால் அதன் அறிகுறிகள் சின்ன வயதிலிருந்தே, வீடு பள்ளி என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தெரியும். நீங்களோ கோடை விடுமுறையில் சித்தப்பா பிள்ளைகளோடு வாய்க்காலில் குதித்ததையும், கேரம் போட்டியில் சண்டை போட்டு உடனே சமாதானமானதையும் எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தை வைத்து ஆம் என்றோ இல்லை என்றோ சொல்வது முறையில்லை. ஆனால் என் கவலை வேறு பக்கம் இருக்கிறது.

டீம் லீடர் பதவியை இரண்டு முறை மறுத்ததாகப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். காரணம், மாதம் ஒருமுறை எல்லார் முன்னாலும் நின்று பேச வேண்டும். முந்தின இரவே வயிறு கலக்குகிறது என்கிறீர்கள். இது சமூகப் பதற்றமாக இருக்கலாம். பெரும்பாலும் பதின்ம வயதில்தான் தொடங்கும். கூச்ச சுபாவம் என்று விட்டுவிடுவார்கள், அது சம்பளத்திலும் பதவியிலும் கைவைக்கும். நல்ல செய்தி, இதற்குச் சிகிச்சை உண்டு. எண்ணங்களையும் நடத்தையையும் படிப்படியாக மாற்றுகிற பயிற்சி பலருக்கு நன்றாக வேலை செய்கிறது. தேவைப்பட்டால் மருந்தும் உண்டு. ஒரு மருத்துவ உளவியலாளரையோ மனநல மருத்துவரையோ நேரில் பாருங்கள். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு, அரசின் மனநல உதவி எண் அது, அழையுங்கள். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். சந்திப்புக்குப் போகிறீர்களோ இல்லையோ, இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

போவதா வேண்டாமா

போகாமல் இருக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. 'ஆபீஸில் லீவு இல்லை' என்று பொய்க் காரணம்கூட வேண்டாம். 'வர முடியவில்லை, நல்லபடி நடத்துங்கள்' என்றால் போதும். குழுவிலிருந்து வெளியே வந்தாலும் அது பாவமில்லை.

ஆனால் ஏழு பக்கம் எழுதியவர் போக வேண்டாம் என்று நினைத்து எழுதவில்லை என்பது என் கணிப்பு. போவதென்றால், திண்ணைக்கு வந்த அந்த மூன்று பேரில் ஒருவரிடம் முன்கூட்டியே பேசி அவரோடு சேர்ந்து போங்கள். காலையில் போய் மதியச் சாப்பாட்டோடு கிளம்பிவிடலாம். இந்தச் சந்திப்புகளில் பகல் நன்றாகத்தான் இருக்கும். ராத்திரி லாட்ஜ் ரூமில் பாட்டில் திறந்த பிறகு பழைய கேலி பழைய வேகத்தோடு வரும். அதற்கு நீங்கள் இருக்க வேண்டியதில்லை.

'சோடாபுட்டி எங்கடா' என்று கேட்டதை நீங்கள் அவமானமாக எடுத்துக்கொண்டீர்கள். எனக்கு அது, வராதவனைத் தேடுகிற குரலாகத்தான் கேட்கிறது. அந்தப் பெயர் இன்னும் குத்துகிறதா? "பேரைச் சொல்லிக் கூப்பிடுடா, வயசாயிடுச்சு" என்று ஒருமுறை சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் நின்றுவிடும். நிற்காவிட்டால் அந்த ஒருவர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துவிடும்.

அந்த ஒரே அடித்தல், ஐந்தாம் பக்கத்தில். எழுத்தை உற்றுப் பார்த்தால் தெரிகிறது: "புதுக் காரை எடுத்துக்கொண்டு போய் இறங்கினால் என்ன?" அதை அடித்தது நல்லது. ரயிலில் போங்கள்.

லாரிக்காரரிடம் பேசுவதை மட்டும் அந்த மண்டபத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள், குழுவிலும் போடாதீர்கள். நாற்பது பேர் பார்க்க மன்னிப்புக் கேட்டால் 'பரவாயில்லை' என்று சொல்வதைத் தவிர அவருக்கு வழியில்லாமல் போகும். அவருக்கு இரண்டாவது தடவையாகக் கூட்டத்தின் நடுவில் நிற்க வேண்டிய நிலை வரும். முன்கூட்டியே போனில், இல்லையென்றால் நேரில் தனியாக, ஒரு டீக்கடையில். நீளமாக வேண்டாம். "பத்தாவதுல ஒருநாள் நீ பேசாமலே உன் பேரை போர்டுல எழுதினேன். அதுக்கு அடி வாங்கினே. தப்பு என்னோடது. ரொம்ப நாளா சொல்லணும்னு இருந்தேன்." அவ்வளவுதான். 'நான் அப்போது சின்னப் பையன்', 'நீயும்தானே கேலி செய்தாய்' என்றெல்லாம் பின்னால் வால் ஒட்டாதீர்கள். எதற்காகப் படிப்பை விட்டாய் என்றும் நீங்களாகக் கேட்காதீர்கள், அவர் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

அவருக்கு அது ஞாபகமே இல்லாமல் இருக்கலாம். அப்போது உங்களுக்குச் சப்பென்று ஆகும். அதைத் தாங்கித்தான் ஆகவேண்டும், ஞாபகப்படுத்த முயலாதீர்கள். சிரித்துத் தள்ளிவிட்டுப் பேச்சை மாற்றலாம். அல்லது நன்றாக ஞாபகம் இருந்து, கோபமாக நாலு வார்த்தை சொல்லலாம், போனை வைத்துவிடலாம். அப்படி நடந்தால் வாதம் செய்யாமல் கேட்டுக்கொள்வதுதான் நீங்கள் செய்யக்கூடியது. மன்னிப்பது அவர் விருப்பம். ஒன்று கவனித்தேன்: அரையாண்டோடு நின்றுவிட்டவரையும் உங்கள் செட்காரர்கள் தேடிப்பிடித்துக் குழுவில் சேர்த்திருக்கிறார்கள். நீங்கள் எழுதியிருக்கும் அளவுக்கு அவர்கள் மோசமான ஆட்கள் இல்லை.

உங்கள் மகன்

பையனுக்கு 13 வயது. ரயில் பைத்தியம். 12637 என்றால் பாண்டியன், 12661 என்றால் பொதிகை என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்கிறான். வீட்டுக்கு வந்த விருந்தாளி நேரத்தைத் தப்பாகச் சொன்னால் திருத்துகிறான். 'என்னைப் போல ஆகிவிடக் கூடாது' என்று அவனைச் சனிக்கிழமை விடியற்காலையில் எழுப்பி கிரிக்கெட் பயிற்சிக்கு அனுப்புகிறீர்கள். அவன் அழுதுகொண்டே போகிறான்.

அதை நிறுத்திவிடலாம். உடம்புக்கு அசைவு வேண்டும் என்றால் நீச்சல், சைக்கிள் என்று அவனையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். கிரிக்கெட் விளையாட வேண்டும் என்ற ஆசை அவனுடையது இல்லை, பழைய வேப்பமரத்தடிப் பையனுடையது.

நண்பர்கள் நிறைய வேண்டும் என்பது பெற்றோர்கள் அடிக்கடி நினைக்கிற தப்பு. அமெரிக்காவில் வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 169 பிள்ளைகளை 15 வயதிலிருந்து 25 வயது வரை தொடர்ந்து கவனித்தார்கள். 15-16 வயதில் நெருக்கமான நட்பு வைத்திருந்தவர்களுக்கு 25 வயதில் பதற்றம் குறைவாகவும், தன்மேல் மதிப்பு அதிகமாகவும் இருந்தது. வகுப்பில் எல்லாருக்கும் வேண்டியவர்களாக இருந்த பிள்ளைகளுக்கு அந்த வயதில் சமூகப் பதற்றம் சற்றுக் கூடுதலாகவே இருந்தது. கும்பல் முக்கியமில்லை, ஒருவர் இருக்கிறாரா என்பதுதான் கேள்வி.

கவலைப்பட வேண்டிய அறிகுறிகள் வேறு. பள்ளி நாள் காலையில் மட்டும் வயிற்றுவலி, சாப்பாட்டு டப்பா அப்படியே திரும்பி வருவது, பொருள் அடிக்கடி தொலைவது, பள்ளியில் கழிப்பறைக்கே போகாமல் அடக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடிவருவது, பிடித்த விஷயத்தில்கூட ஆர்வம் போவது. இவை தெரிந்தால் முதலில் வகுப்பாசிரியரிடம் பேசுங்கள். பலன் இல்லையென்றால் தலைமையாசிரியருக்கு எழுத்தில் கொடுங்கள். பள்ளிக்கல்வித் துறையின் 14417, சிறார் உதவி எண் 1098 இரண்டும் இருக்கின்றன. நீங்கள் எழுதியதில் இந்த அறிகுறி எதுவும் இல்லை. சாயங்காலமானால் ஒரு பையன் வீட்டுக்கு வருகிறான், இரண்டு பேரும் தரையில் சார்ட் பேப்பர் விரித்து, இல்லாத ஊர்களுக்கெல்லாம் ரயில் கால அட்டவணை போடுகிறார்கள், சாப்பிடக் கூப்பிட்டாலும் எழுந்து வருவதில்லை என்று குறையாகச் சொல்லியிருக்கிறீர்கள்.

இன்று சாயங்காலம் அந்தப் பையனின் பெயரைக் கேளுங்கள். கடிதம் முழுக்க 'ஒரு பையன்' என்றுதான் எழுதியிருக்கிறீர்கள்.